மூடி மட்டும் கிடைக்குமா

பொருளைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே பைக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். மிக்சி என்றால் கோபம். திரைச்சீலை என்றால் வெட்கம். அளவைத் தப்பாக எடுத்தது தாங்கள்தான் என்று அவர்களுக்கே தெரியும். செருப்பு ஸ்டாண்டு என்றால் கணவனும் மனைவியும் சேர்ந்து வருவார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். முந்தின நாள் அதை இரண்டு பேருமாக உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டிப் பார்த்திருப்பார்கள்.

மூன்று மாடி வீட்டுச் சாமான் கடை எங்களுடையது. மாடிப்படிக்குக் கீழே, ஆறடி உயரமுள்ளவர் நிமிர்ந்தால் தலையில் இடிக்கிற இடத்தில், என் மேஜை. பதினோரு வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கடையில் எல்லோருக்கும் நான் ‘ரிட்டர்ன் அக்கா’. முதலாளியின் மகனுக்குக்கூட என் உண்மைப் பெயர் தெரியுமா என்பது சந்தேகம்.

என்னிடம் ஒரு முறை உண்டு. காரணம் எழுதாமல் எதையும் திருப்பி வாங்க மாட்டேன். பொருள், குறை, காரணம், கையெழுத்து என்று ஒரு சீட்டு. அதை மேஜையில் நிற்கிற கம்பியில் குத்தி வைப்பேன். குறை தீர்ந்ததும், புகார் கொடுத்தவரே இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். அதன் மேல் ‘தீர்ந்தது’ என்று முத்திரை குத்திய பிறகுதான் சீட்டு கம்பியை விட்டு இறங்கும். "பரவாயில்லைம்மா, விடுங்க" என்கிற வாய் வார்த்தையை நான் ஏற்பதில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் திரும்பி வருவதே இல்லை என்று எனக்குத் தெரியும்.

இந்த முறைதான் என்னையே மாட்டிவிட்டது.

என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓரகத்தி, ஏழு மாதத்துக்கு முன்னால் எங்கள் கடையில் சேர்ந்தாள். ஒரே வீடு. நாங்கள் கீழே, அவர்கள் மேலே. ஒன்பது வருடம் பிள்ளைகளோடு வீட்டிலேயே இருந்தவள். கடையின் மெயில் பட்டியலில் இருக்கிறவர்களுக்கு வாரா வாரம் எழுத ஒரு ஆள் வேண்டும் என்று முதலாளி சொன்னபோது, நான்தான் வாயைக் கொடுத்தேன். "எங்க வீட்டுப் பொண்ணு ஒண்ணு இருக்கு சார், நல்லா எழுதும்." அவள் எழுதி நான் பார்த்தது பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த விடுப்புக் கடிதங்கள் மட்டும்தான். ஆனால் அவை அவ்வளவு நன்றாக இருக்கும், படித்தால் நமக்கே காய்ச்சல் வரும்.

முதல் மாடியில் மின்விசிறிகளுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு மேஜை போட்டார்கள். அதன் மேல் அவள் பெயர் எழுதிய ஒரு சின்னப் பலகை. முதல் நாள் மதியம் நான் மாடியேறிப் போனபோது, அந்தப் பலகையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். புதுப் பலகை அது. துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

எழுத ஆரம்பித்தாள். அங்கேதான் வந்தது வினை. முதலாளி பழைய மெயில்களையெல்லாம் ஒரு கட்டாகக் கொடுத்து, "இதே மாதிரி எழுதுங்க" என்று சொல்லியிருந்தார். அவளும் அதே மாதிரி எழுதினாள். ‘அன்பு வாடிக்கையாளரே, இதுவே கடைசி வாய்ப்பு!!! நழுவ விடாதீர்கள்!!!’ புதன், வெள்ளி, ஞாயிறு என்று கடைசி வாய்ப்பு வாரத்துக்கு மூன்று முறை வந்துகொண்டிருந்தது. பட்டியலை நீளமாகக் காட்ட, கடையில் வேலை செய்கிறவர்கள் எல்லோருடைய ஐடியையும் அதில் சேர்த்திருந்தார்கள், எனவே எனக்கும் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதை நம்பி வந்து, அந்த ஒன்று ஒரு தேக்கரண்டி என்று தெரிந்து கொதித்துப்போன நான்கு பேரிடம் திட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்தேன். என் போன் ‘டிங்’ என்றது. ‘இன்று மட்டுமே!!!’

கீழே, எறும்பு எழுத்தில், விலகிக்கொள்ள ஒரு வழி இருந்தது. தட்டினேன். ‘ஏன் விலகுகிறீர்கள்?’ என்று கேட்டது. பதினோரு வருடப் பழக்கம் சும்மா விடுமா? காரணம் எழுதாமல் எதையும் திருப்பித் தரக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற கை, தானாக எழுதிவிட்டது.

‘வாரத்துக்கு மூன்று முறை கதவைத் தட்டி, சீக்கிரம் வா என்கிறீர்கள். எதற்கு என்று பார்த்தால், வாங்கு என்பதற்கு மட்டும்தான். இதைத் திறந்து படிக்கிற என் நேரத்துக்கு நீங்கள் தருவது என்ன?’

எழுதி அனுப்பிவிட்டு மறந்தும்போனேன். அது ஏதோ ஒரு மெஷினுக்குப் போய்ச் சேரும் என்றுதான் நினைத்தேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து, போன மாதம் நடுவில், முதலாளி எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எதையும் தூக்கிப் பார்த்து, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று யோசிக்கிறவர், அவ்வளவுதான்.

"ஆறாயிரம் பேருக்கு அனுப்புறோம். நூத்தம்பது பேர்கூட திறக்கிறது இல்ல. தினமும் நாலு பேர் விலகுறாங்க" என்றார். என்னைப் பார்த்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் எடுத்தேன். இந்த மாசம் முடியட்டும். அப்பவும் இப்படியேன்னா அந்த மேஜை இருக்கிற இடத்துல நாலு ஃபேன் நிறுத்திடலாம்."

ஓரகத்தி "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். நாங்கள் வெளியே வரும்போது முதலாளி அவளிடம், விலகிப் போனவர்களின் பட்டியலைக் காரணத்தோடு எடுத்து வைக்கச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, பதினொன்றரை மணிக்கு, என் மேஜை முன்னால் வரிசையில் நின்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு முன்னால் கைப்பிடி கழன்ற வாணலியோடு ஒருவரும், தண்ணீர் ஒழுகும் ஃபிளாஸ்கோடு ஒரு அம்மாவும். இரண்டு பேரும் போகிற வரை பொறுமையாக நின்றாள். முறை வந்ததும் என் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை அவளே கிழித்து, குனிந்து எழுதி, என் முன்னால் வைத்தாள்.

பொருள்: மெயில். குறை: பயன் இல்லை. காரணம் என்கிற இடத்தில், நான் மூன்று மாதத்துக்கு முன்னால் எழுதிய அந்த மூன்று வரி, ஒரு எழுத்து மாறாமல். கையெழுத்து இடத்தில் என் மெயில் ஐடி.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"நேர்லயே சொல்லியிருக்கலாமே அக்கா" என்றாள். "ஒரே வீடு. நடுவுல பதினாலு படி."

"மெஷின் படிக்கும்னு நினைச்சேன்மா."

"நான்தான் அந்த மெஷின்."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். இந்த மேஜையில் அழுகையைப் பார்த்துப் பழக்கம். அவள் அழவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கோபம் நீங்க எழுதினதுல இல்ல. கேட்டது சரியான கேள்வி. ரெண்டு நாளா பதில் யோசிக்கிறேன், ஒண்ணும் வரல. அதுலதான் கோபம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "திரும்ப வீட்டுக்குப் போக பயமா இருக்கு அக்கா. சும்மாதானே இருக்கே, சும்மாதானே இருக்கேன்னு ஒன்பது வருஷம். கேஸ் வரும், எடுத்து வை. கூரியர் வரும், கையெழுத்துப் போடு. யாரு வீட்டுக்கு யாரு வந்தாலும் நான்தான் கதவு திறக்கணும்."

அந்தக் கேஸுக்கும் கூரியருக்கும் அவளைக் கீழே இறங்க வைத்தவர்களில் நானும் ஒருத்தி. சும்மாதானே இருக்கிறாள் என்று நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் நான்கு பேர் நடுவில். எனக்குச் சுருக்கென்றது. மன்னித்துக்கொள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது லேசில் வராது. பதிலாக, அவள் எழுதிய சீட்டை எடுத்துக் கம்பியில் குத்தினேன்.

"புகார் பதிவாயிடுச்சு. தீக்கணும். சாப்பாட்டு நேரத்துல வா" என்றேன்.

வந்தாள். என் மேஜைக்குக் கீழே மூன்று அட்டைப்பெட்டிகளில் பதினோரு வருடச் சீட்டுகள் இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்டதில்லை, நானும் காட்டியதில்லை. ஒரு கையில் சாப்பாடு, ஒரு கையில் சீட்டு என்று இரண்டு பேரும் படிக்க ஆரம்பித்தோம். திரைச்சீலை மாட்டுகிற கம்பியை அளக்காமல், ஜன்னலை மட்டும் அளந்து வாங்கியவர்கள். துடைப்பானின் துணி தேய்ந்துபோய், துணி மட்டும் கிடைக்காமல் துடைப்பானையே மறுபடி வாங்கியவர்கள். பெட்டியின் மேல் நட்சத்திரக் குறி போட்டு அடியில் எழுதியிருப்பதை, கண்ணாடி இல்லாததால் படிக்க முடியாதவர்கள். அவள் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

"அக்கா, இதுல பாதி பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்காங்க."

எனக்குத் தெரியும். ‘மூடி மட்டும் கிடைக்குமா?’ கண்ணாடி மூடி கை தவறி உடைந்திருக்கும். பாத்திரம் கல்லு மாதிரி இருக்கும். மூடிக்காக முழு செட்டையும் வாங்கு என்போம். வீடு வீடாகத் தட்டை வைத்து மூடிச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள், கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

"மூடி மட்டும் வராதும்மா. செட்டாத்தான் வரும்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கிடங்கு ஞாபகம் வந்தது.

எங்களிடம் திரும்பி வரும் பாத்திரங்களைக் கம்பெனிக்கு அனுப்புவோம். கம்பெனிக்காரர்களுக்குப் பாத்திரத்தின் அடியில் பொறித்த எண்தான் கணக்கு. மூடியில் எண் கிடையாது. எனவே பாத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மூடியைக் கடையிலேயே விட்டுவிடுவார்கள். தூக்கிப் போட மனசு வராமல் ஒவ்வொன்றாகக் கிடங்கில் அடுக்கி வைத்தது நான்தான். பதினோரு வருடமாக மூடி இல்லை என்று இங்கே உட்கார்ந்து சொன்னதும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க இந்தப் பெண் வந்து பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

அன்றே கிடங்கைத் திறந்து எண்ணினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு மூடிகள். தூசி தட்டியதில் அவள் பதினேழு முறை தும்மினாள்.

மெயிலை அவள் எழுதினாள், நான் அடித்துத் திருத்தினேன். "மகிழ்ச்சியோடு அறிவிக்கிறோம்னு ஆரம்பிக்கட்டுமா?" என்றாள். "நீ மகிழ்ச்சியா இருந்தா அவங்களுக்கென்ன? மூடின்னு ஆரம்பி" என்றேன். ஒரே ஒரு ஆச்சரியக்குறி போட்டுக்கொள்கிறேனே என்று கெஞ்சினாள். விடவில்லை.

அளவு எடுக்கிற முறையை எழுதுவதில்தான் பாடாய்ப் பட்டோம். ‘பாத்திரத்தின் வாயை அளக்கவும்’ என்று முதலில் எழுதியிருந்தாள். வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளையும் ஒரு பாத்திரத்தையும் அளவு நாடாவையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும். அவர் ரொம்பக் கவனமாக, நாடாவைப் பாத்திரத்தைச் சுற்றிப் பிடித்து, "எழுபத்தஞ்சு" என்றார்.

"எழுபத்தஞ்சு சென்டிமீட்டர்ல மூடி எதுக்கு மாமா, கிணத்துக்கா?" என்று ஓரகத்தி கேட்டாள். அவர் முறைத்தார். அவள் மாற்றி எழுதினாள். மூன்றாவது முறை அவர் இருபத்துநாலு என்றார். அந்த வடிவம்தான் போயிற்று:

‘உங்கள் வீட்டில் மூடி இல்லாத பாத்திரம் இருக்கிறதா? மூடி மட்டும் கிடைக்குமா என்று பல வருடமாகக் கேட்டீர்கள். இல்லை என்றோம். எங்கள் கிடங்கில் 312 மூடிகள் இருக்கின்றன. இதை முன்பே பார்க்காதது எங்கள் தப்பு.

ஒரு நூலை எடுங்கள். பாத்திரத்தின் ஒரு விளிம்பின் உள்பக்கத்திலிருந்து எதிர் விளிம்பின் உள்பக்கம் வரை, நடுவழியாக இழுத்துப் பிடியுங்கள். சுற்றி அளக்க வேண்டாம். அந்த நீளத்தை இந்த மெயிலுக்குப் பதிலாக எழுதுங்கள். உங்கள் அளவில் மூடி இருந்தால் சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடுகிறோம், வீணாக அலைய வேண்டாம். மூடிக்கு விலை கிடையாது. வேறு எதையும் வாங்க வேண்டியதும் இல்லை.’

முதலாளியிடம், மெயில் படிப்பவர்களுக்குச் சனிக்கிழமை ஒரு சலுகை என்று மட்டும் சொன்னாள். "பண்ணுங்க, பண்ணுங்க" என்றார். என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. தன் கடை மெயிலை அவரும் திறந்ததில்லை என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது.

புதன்கிழமை காலை அனுப்பினாள். மதியம் வரைக்கும் ஒன்றும் இல்லை. நான் மாடிக்கு இரண்டு முறை போனேன், ஏதோ ஃபேன் பார்க்கப் போகிறவள் மாதிரி. மூன்று மணிக்கு அவளே படியிறங்கி வந்தாள். "பதில் வந்திருக்கு. முப்பத்தாறு" என்றாள். ஆறு மாதத்தில் அவள் எழுதியதற்கு மனிதர்கள் பதில் எழுதியது அதுதான் முதல் தடவை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூற்று நாற்பத்து மூன்று ஆயிற்று. அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் பதினோரு பேர் சுற்றித்தான் அளந்திருந்தார்கள். திட்டாமல், அதை வகுத்து உண்மை அளவு கண்டுபிடித்து, பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதினாள். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

நூற்று நாற்பத்து மூன்று பேரில் எண்பத்தெட்டுப் பேருக்கு எங்களிடம் மூடி இருந்தது. மற்றவர்களுக்கு, ‘உங்கள் அளவில் இல்லை, வர வேண்டாம்’ என்று எழுதினாள். வர வேண்டாம் என்று வாடிக்கையாளருக்கு எழுதிய முதல் கடை நாங்களாகத்தான் இருப்போம்.

சனிக்கிழமை ஒன்பதரைக்குக் கடை திறந்தது. மூடிகளை அளவு வாரியாக என் மேஜைக்குப் பக்கத்தில் அடுக்கி, துணி விரித்து, தயாராக உட்கார்ந்தோம். பத்து மணி. யாரும் இல்லை. பத்தே கால். ஒருவர் வந்தார், பல்பு எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார். ஓரகத்தி அடுக்கியதையே மறுபடி அடுக்கினாள். எழுதுகிறவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்களா என்ன? இலவசம் என்கிற சொல்லைக் கேட்டு எத்தனை முறை ஏமாந்திருப்பார்கள், அதுவும் எங்களிடம்.

பத்தரைக்கு ஒரு பஸ் டிரைவர், காக்கிச் சட்டையோடு, கையில் பாத்திரத்தோடு வந்து நின்றார். "மெயில்ல மூடின்னு போட்டிருந்துச்சு. நிஜம்தானா, இல்ல வேற ஏதாவது வாங்கச் சொல்வீங்களா?"

"நிஜம்தான் சார்" என்று ஓரகத்தி எழுந்து நின்றே சொன்னாள். இருபத்தாறு. அடுக்கிலிருந்து எடுத்து அவளே வைத்தாள். மூடி ‘டக்’ என்று உட்கார்ந்தது. டிரைவர் அதைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தார். பிறகு பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தார். "ரெண்டு வருஷமா தட்டு வெச்சு மூடுறோம்மா" என்றார், ஏதோ தப்பை ஒத்துக்கொள்கிறவர் மாதிரி. அவர் போகிறபோது பல்புப் பக்கம் நின்று இரண்டு பல்பு வாங்கிக்கொண்டு போனார். அவரை யாரும் வாங்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு நிற்க நேரம் இல்லை. ஒரு டீச்சர் பாத்திரத்துக்குப் பதில் இரண்டு முடிச்சுப் போட்ட நூலை மட்டும் கொண்டுவந்தார்; சரியாகப் பொருந்தியது. ஒரு நர்ஸ் மூன்று பாத்திரத்தோடு வந்து, ஒன்றுக்குத்தான் எழுதினேன், மற்றது இரண்டும் ஆசைக்கு என்றார். இரண்டில் ஒன்றுக்குக் கிடைத்தது. ஒரு அம்மா வரும்போதே சண்டையோடு வந்தார்.

"எனக்கு மெயில் வரல. பக்கத்து வீட்டுக்கு மட்டும் வருது. நாங்க உங்க கடையில வாங்கினது இல்லையா?"

"உங்க ஐடி சொல்லுங்கம்மா, சேத்துடறேன்" என்றாள் ஓரகத்தி. அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்ற ஆறு பேரும் தங்கள் ஐடியைச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

எல்லாம் சுபமாகவும் நடக்கவில்லை. இருபத்துநாலு என்று எழுதிவிட்டு நசுங்கிய பாத்திரத்தைக் கொண்டுவந்த ஒருவர், எந்த மூடியும் உட்காராததால் எங்களைத் திட்டிவிட்டுப் போனார். என் அடுக்கில் இரண்டு மூடிகள் கை தவறி உடைந்தன; ஒன்று என் கை. பாத்திரமும் மூடியும் மோதுகிற சத்தத்தில் கடையே ஒரு பெரிய சமையலறை மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சத்தத்துக்குத்தான் முதலாளி மேலே இருந்து இறங்கி வந்தார். படியில் பாதியிலேயே நின்று வரிசையைப் பார்த்தார். வரிசை வாசல் வரை இருந்தது. முதலில் முகம் மலர்ந்தது. பிறகு பில் மேஜைப் பக்கம் போகாமல் பாத்திரத்தோடு வெளியே போகிறவர்களைக் கவனித்தார்.

"என்னது இது, மூடியைச் சும்மா குடுக்கிறீங்களா?" என்று என்னிடம் கேட்டார். "மூடியைச் சும்மா குடுத்தா செட்டை யாரு வாங்குவா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"அவங்க செட்டு வாங்கலை சார். மூடி இல்லைன்னதும் நம்ம கடைக்கு வர்றதையே விட்டுட்டாங்க. சீட்டுல இருக்கு, காட்டறேன். ஆறாயிரம் பேர்கிட்ட வாங்கு வாங்குன்னு ஆறு மாசம் எழுதினேன், நூத்தம்பது பேர் பாத்தாங்க. இதை ரெண்டாயிரம் பேருக்கு மேல திறந்திருக்காங்க. நாம ஒண்ணு குடுத்தாதான் சார் நாளைக்கு நாம எழுதுறதையும் திறப்பாங்க."

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, முதலாளியைப் பார்த்தே முழுதும் பேசி முடித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு இப்போது கூச்சம் இல்லை.

முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"சீக்கிரம் பேசி முடிங்க. நிக்கிறவங்களுக்குக் கால் வலிக்குதுல்ல?"

எல்லோரும் திரும்பினோம். கையில் துணிப்பையோடு, ஒரு பள்ளிக்கூடப் பையனுக்கும் ஒரு பாட்டிக்கும் நடுவில், முதலாளியின் மனைவி நின்றுகொண்டிருந்தார்.

"நீ எங்க இங்க?" என்றார் முதலாளி.

"மெயில் பாத்துட்டு வந்தேன்."

"உனக்கெதுக்கு வரிசை? என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. நாலு வருஷம் முன்னாடி. மூடி உடைஞ்சுபோச்சு, கடையிலேருந்து ஒண்ணு கொண்டாங்கன்னேன். மூடி மட்டும் வராது, செட்டாத்தான் வரும்னீங்க." பையிலிருந்து பாத்திரத்தை வெளியே எடுத்தார். அதன் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு கவிழ்ந்திருந்தது. "பாத்திரக் கடைக்காரர் வீட்டுல நாலு வருஷமா இதுதான் மூடி."

வரிசை முழுதும் சிரித்தது. டீச்சர் போகாமல் நின்று சிரித்தார். முதலாளியின் மனைவி தன் முறை வரும் வரை வரிசையை விட்டு நகரவில்லை. இருபத்திரண்டு. ஓரகத்தி மூடியை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். அவர் வாங்கி, தன் மனைவி பிடித்திருந்த பாத்திரத்தின் மேல் வைத்தார். உட்கார்ந்தது. தூக்கினார். மறுபடி வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடம் என்று இல்லாமல். பிறகு ஓரகத்தியிடம், "அடுத்த புதன்கிழமை என்ன எழுதப் போறீங்க?"

அவளுக்குப் புரிய இரண்டு நொடி ஆயிற்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது, கையிலிருந்த மூடியைக் கீழே வைத்தேன்.

"திரைச்சீலைக்கு அளவு எடுக்கிறது எப்படின்னு எழுதலாம்னு இருக்கேன் சார்."

"அதைச் சொல்லிக் குடுத்துட்டா?"

"திருப்பிக் கொண்டு வர மாட்டாங்க."

"அப்போ இந்த அம்மாவுக்கு என்ன வேலை?" என்று என்னைக் காட்டிக் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு, "மூணு மாசம் பாக்கலாம். வாரத்துக்கு ஒண்ணு போதும், மூணு வேணாம்" என்று சொல்லிவிட்டு, மனைவியின் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனார்.

மூன்று மாதம் என்பது மூன்று மாதம்தான். அதற்கு மேல் எதையும் அவர் சொல்லவில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது ஓரகத்தி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள், நான் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. வீட்டு வாசலில் வைத்து, "சும்மாதானே இருக்கேன்னு நானும் சொல்லியிருக்கேன். தப்பு" என்றேன். அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "தெரியும் அக்கா, விடுங்க" என்றாள். நான் விடவில்லை. இன்னொரு முறை, நன்றாகக் கேட்கும்படி, தப்பு என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அவள் மேஜை மாடியில் இல்லை. என் மேஜையை ஒட்டிப் போட்டிருந்தார்கள். சீட்டெல்லாம் இங்கேதானே இருக்கிறது என்று அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள். பெயர்ப் பலகையும் வந்திருந்தது. பழைய இடத்தில் நான்கு ஃபேன்கள் நின்றன. முதலாளியும் நினைத்ததை நடத்திவிட்டார்.

நான் பையை மாட்டிவிட்டு உட்கார்ந்ததும், கம்பியிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். பொருள்: மெயில். குறை: பயன் இல்லை.

"புகார் குடுத்தவங்க கையெழுத்து வேணும்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை, சரியாக என்னை மாதிரியே.

நானும் சிரிக்காமல் பேனாவை எடுத்தேன். கையெழுத்துப் போட்டேன். ‘தீர்ந்தது’ முத்திரையை மையில் ஒற்றி நன்றாக அழுத்திக் குத்தினேன். சீட்டின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கோடு உண்டு. பதினோரு வருடத்தில் அதில் யாரும் எதுவும் எழுதியது கிடையாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘மறுபடியும் அனுப்பவும்’ என்று எழுதினேன்.

அவள் படித்தாள். கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உங்க மெயில் ஐடி சொல்லுங்க மேடம்" என்றாள்.

அவளுக்கு அது மனப்பாடம். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், அவள் ஒவ்வொன்றாகத் தட்டினாள்.